எடை திரும்பியது, தசை திரும்பியதா?

கீமோ முடிந்து நான்கைந்து மாதம் ஆனவர் ஃபாலோ-அப்புக்குப் போகிறார். முதலில் எடை மெஷினில் ஏறச் சொல்கிறார்கள். சிகிச்சையின்போது இறங்கிய ஐந்து கிலோவும் திரும்பிவிட்டது என்றால் உடன் வந்தவர்களின் முகம் தெளிந்துவிடும். "உடம்பு தேறிடுச்சு" என்று வீட்டுக்குப் போன் போகும். அதே மனிதர் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிவதில்லை. கேட்டால், "வயசாகுதில்ல" என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார்.

திரும்பி வந்த ஐந்து கிலோவில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு? எடை மெஷினுக்கு அது தெரியாது. அதற்குக் கொழுப்பும் ஒன்றுதான், தசையும் ஒன்றுதான், காலில் கோத்திருக்கும் நீரும் ஒன்றுதான். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் தசை இழப்பை ஆராய்பவர்கள் கடந்த இருபது ஆண்டுகளாக மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான். இதற்குள் பல கருவிகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் கொஞ்சம் உண்மையைச் சொல்கிறது, கொஞ்சம் ஏமாற்றவும் செய்கிறது.

தசை கரைவதற்குக் காரணங்கள் பல. கட்டி தூண்டிவிடும் அழற்சி தசைப் புரதத்தைச் சிதைக்கிறது. வாந்தியும் வாய்ப்புண்ணும் சாப்பாட்டைக் குறைக்கின்றன. வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளே, நீண்ட நாள் தொடர்ந்தால், தொடையையும் இடுப்பையும் பலவீனப்படுத்துகின்றன. படுக்கையில் கழியும் வாரங்கள் மீதி வேலையைச் செய்கின்றன. இவற்றில் பல, சிகிச்சை முடிந்ததும் விலகிவிடும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை அப்படியல்ல. ஆண்மை ஹார்மோனைத் தடுக்கும் அந்த ஊசி சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும். அமெரிக்காவில் மேத்யூ ஸ்மித் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, 48 வாரம் அந்த ஊசி போட்டுக்கொண்ட ஆண்களை அளந்தது. அவர்களின் எடை சராசரியாக 2.4 சதவீதம் கூடியிருந்தது. உடலில் கொழுப்பின் பங்கு முன்பிருந்ததைவிட 9.4 சதவீதம் உயர்ந்திருந்தது. கொழுப்பில்லாத திசுவின் பங்கு 2.7 சதவீதம் குறைந்திருந்தது. எடையை மட்டும் பார்த்திருந்தால், இவர்கள் நன்றாகச் சாப்பிட்டுத் தேறி வருகிறார்கள் என்றே எழுதியிருப்பார்கள்.

எடையை உயரத்தோடு சேர்த்துக் கணக்கிடும் பி.எம்.ஐ.யும் இங்கே உதவாது. அதை எளிதாக விளக்க ஓர் இந்தியச் சான்று உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. உடலில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பில் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருக்கலாம் என்று யாஜ்னிக் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். அவர் பேசியது சர்க்கரை நோயைப் பற்றி. ஆனால் நோய் வருவதற்கு முன்பே தசை இருப்பு குறைவாக உள்ளவர், சிகிச்சையில் இன்னும் கொஞ்சம் இழந்தால் என்ன ஆகும் என்பது புற்றுநோய்ப் பிரிவிலும் கேட்க வேண்டிய கேள்விதான்.

தசையை நேரடியாகப் பார்க்கும் வழி, எதிர்பாராத இடத்தில் ஏற்கெனவே கிடந்தது. புற்றுநோயாளிக்கு எப்படியும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். மருத்துவர் அதில் கட்டியைத் தேடுகிறார். கட்டியைச் சுற்றியிருக்கும் தசையும் அதே படத்தில் பதிந்திருக்கிறது. கனடாவின் எட்மன்டன் நகரில், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்கி பராகோஸ், கார்லா பிராடோ முதலானோர் இந்தப் பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு அளக்கத் தொடங்கினார்கள். முழு உடம்பையும் அளக்கத் தேவையில்லை. இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளில் மூன்றாவதன் மட்டத்தில் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம் போதும். அந்த மட்டத்தில் தெரியும் முதுகு, வயிற்றுச் சுவர், இடுப்புத் தசைகளின் பரப்பு, உடலின் மொத்தத் தசையோடு நெருங்கி ஒத்துப்போகிறது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

அளக்கும் முறையும் எளிதாகப் புரியக்கூடியது. சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு. அந்த அலகுக்குக் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர். தண்ணீர் சுழியம், காற்று மைனஸ் 1000. மைனஸ் 29 முதல் 150 வரை உள்ள புள்ளிகளைத் தசை என்று எடுத்துக்கொண்டு, பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் கூட்டி, உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறார்கள். அந்த அடர்த்தி எண்ணுக்குள்ளேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. தசை இழைகளுக்கு இடையே கொழுப்பு ஊறியிருந்தால் அடர்த்தி எண் இறங்கும். பரப்பு குறையாமலே தசையின் தரம் கெட்டிருப்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்.

2008இல் வெளிவந்த எட்மன்டன் ஆய்வு பலரைத் திடுக்கிட வைத்தது. நுரையீரல், செரிமானப் பாதைப் புற்றுநோய் கொண்ட, உடல் பருத்த 250 பேரின் படங்களை அளந்தார்கள். அவர்களில் 15 சதவீதத்தினரின் தசை அளவு மிகக் குறைவாக இருந்தது. பார்த்தால் குண்டானவர்கள், உள்ளே தசை வற்றியவர்கள். இவர்கள் மற்ற குண்டானவர்களைவிட விரைவில் இறந்தார்கள், அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் குன்றியிருந்தது. எந்த மருத்துவமனையிலும் "இவர் மெலிந்துவிட்டார்" என்று ஊட்டச்சத்து நிபுணரிடம் அனுப்பப்படாத கூட்டம் இது.

பத்தாண்டு கழித்து, பெட் கான் தலைமையிலான குழு பரவாத நிலையில் இருந்த மார்பகப் புற்றுநோய் கொண்ட 3,241 அமெரிக்கப் பெண்களின் படங்களை அளந்தது. நோய் கண்டறியப்பட்ட காலத்தில் எடுத்த படங்கள் அவை. மூன்றில் ஒருவருக்கு மேல், அதாவது 34 சதவீதத்தினருக்கு, தசை குறைந்திருந்தது. அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 41 சதவீதம் அதிகம். பி.எம்.ஐ.யோ அபாயத்தைச் சுட்டிக்காட்டத் தவறியது. மார்பகப் புற்றுநோயில் ஆளே உருக்குலைந்து போவது அரிது என்பதால், அங்கே தசையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. அந்த அலட்சியத்துக்கு இந்த ஆய்வு இடம் வைக்கவில்லை.

இருந்தும் சி.டி. முறையில் சிக்கல்கள் உண்டு. ரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காக ஏற்றும் மருந்து தசையின் அடர்த்தி எண்ணையும் உயர்த்திவிடும். மருந்தோடு எடுத்த படத்தையும் மருந்தில்லாமல் எடுத்ததையும் ஒப்பிடக் கூடாது. 'குறைவு' என்பதன் எல்லைக்கோடும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. 2008 ஆய்வு ஆண்களுக்கு 52.4 என்று கோடு போட்டது. 2013இல் அதே எட்மன்டன் குழு, பி.எம்.ஐ. 25க்குக் கீழே உள்ள ஆண்களுக்கு 43, அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 53 என்று மாற்றியது. இந்த எண்கள் எல்லாம் கனடிய நோயாளிகளிடமிருந்து வந்தவை. உடலமைப்பு வேறான இந்தியர்களுக்கு அவற்றை அப்படியே பொருத்தினால், பாதி வார்டும் நோயாளிப் பட்டியலில் ஏறிவிடும் ஆபத்து உண்டு. கதிர்வீச்சு காரணமாக, தசையை அளப்பதற்கென்றே ஒருவருக்கு சி.டி. எடுப்பதும் சரியில்லை. எடுத்த படத்தைப் பயன்படுத்துவதுதான் இங்கே நியாயம். தசையின் எல்லையைக் கையால் கோடிட்டு அளந்த வேலையை இப்போது கணினியே செய்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனை 2023இல் வெளியிட்ட 'டோட்டல்செக்மென்டேட்டர்' மென்பொருள் அப்படிப்பட்ட ஒன்று. ஆக, தொழில்நுட்பம் தயாராகத்தான் இருக்கிறது. ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லி யாரும் கேட்காததுதான் தடை.

கதிர்வீச்சு மிகக் குறைவான இன்னொரு வழி டெக்ஸா. எலும்பின் அடர்த்தியை அளக்க மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எடுப்பார்களே, அதே கருவிதான். இருவேறு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களை உடம்பினூடே செலுத்தி எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரிக்கும். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 471 பெண்களை இந்தக் கருவியால் அளந்து, அவர்களை ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 2012இல் வெளிவந்தது. கை கால் தசை குறைந்திருந்த 75 பெண்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

கோளாறு அந்த 'மற்றவை' என்ற பிரிவில்தான். டெக்ஸா தசையை நேராக அளப்பதில்லை. எலும்பும் கொழுப்பும் போக மிஞ்சியதைச் சொல்கிறது. அதில் தண்ணீரும் அடக்கம். மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால் சிலருக்கு அந்தக் கை வீங்கிக்கொள்ளும். வீங்கிய கையை டெக்ஸாவில் வைத்தால், தசை கூடியிருப்பதாகக் கணக்கு வரும்! பயன்படுத்தாமல் தொங்கவிட்ட கை, கருவியின் பார்வையில் பலசாலிக் கை. ஜிம்களிலும் உணவியல் நிபுணர்களிடமும் இருக்கும் மின்தடை மெஷினில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். உடம்பில் நாம் உணராத அளவு மின்சாரத்தைச் செலுத்தி, நீர் எவ்வளவு என்று ஊகித்து, அதிலிருந்து தசையைக் கணக்கிடும் கருவி அது. கை வீக்கத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க இதே தொழில்நுட்பத்தைத்தான் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒரே அளவு, ஓரிடத்தில் நீர் என்றும் இன்னோரிடத்தில் தசை என்றும் படிக்கப்படுகிறது.

தண்ணீர்த் தொல்லையைத் தாண்டிப் போக ஒரு புத்திசாலித்தனமான முறை வந்திருக்கிறது. உடம்பில் உள்ள கிரியேட்டினில் மிகப் பெரும்பகுதி தசைக்குள்தான் இருக்கிறது. டியூட்டீரியம் சேர்த்து அடையாளமிட்ட கிரியேட்டினைச் சிறு அளவில் விழுங்கக் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துச் சிறுநீரைப் பரிசோதித்தால், அந்த அடையாளம் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்பதிலிருந்து மொத்தத் தசையைக் கணக்கிடலாம். அமெரிக்காவில் ஏறத்தாழ 1,400 முதிய ஆண்களிடம் இதைச் சோதித்தபோது, யார் கீழே விழுவார்கள், யாருக்கு நடமாட்டம் குறையும் என்பதோடு இந்த அளவு நன்றாகப் பொருந்தியது; டெக்ஸா எண் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை. நல்ல முறைதான். ஆனால் ஆய்வுக்கூடங்களைத் தாண்டி இன்னும் சாதாரண மருத்துவமனைக்கு வரவில்லை.

கிரியேட்டினைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அளக்கும் கிரியேட்டினின், தசையிலிருந்து வெளிவரும் கழிவு. தசை கரைந்தவருக்கு அது இயல்பாகவே குறைவாக இருக்கும். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்தால் சிறுநீரகம் அடிவாங்கியிருந்தாலும் அறிக்கையில் 'நார்மல்' என்று வந்துவிடலாம். ஐயம் இருந்தால் சிஸ்டாட்டின்-சி என்ற வேறு பரிசோதனை உண்டு. அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. தசையை அளக்காமல் விடுவதன் விலை தசையோடு நிற்பதில்லை.

எவ்வளவு தசை இருக்கிறது என்று அளந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு மருந்து உலகமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. அனமோரெலின் என்ற மாத்திரையை, எடை குறைந்துவந்த நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2016இல் வெளிவந்தன. முதல் ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களின் கொழுப்பில்லாத எடை டெக்ஸா கணக்கில் ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது; போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு அரைக் கிலோ குறைந்தது. இரண்டாவது ஆய்வின் முடிவும் அதே போக்குதான். கையின் பிடி வலிமையிலோ இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. தசை என்று மெஷின் சொன்னது கூடியது. அதைக்கொண்டு செய்ய முடிகிற காரியம் கூடவில்லை. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் அனுமதி மறுத்தது. ஜப்பான் 2021இல் அனுமதித்தது. ஒரே மாத்திரை, இரு தீர்ப்புகள்.

முதுமையில் தசை குறைவதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க். 1988இல் ஆல்புகெர்க்கி நகரில் நடந்த கூட்டத்தில் அந்தப் பெயர் பிறந்தது. தொடக்கத்தில் அது தசையின் அளவை மட்டுமே குறித்தது. 2010இல் ஐரோப்பிய நிபுணர் குழு வலிமையையும் நடையையும் சேர்த்தது. அதே குழு 2018இல் வரிசையையே மாற்றியது: முதலில் வலிமையைப் பார், குறைந்திருந்தால் மட்டும் தசையின் அளவைப் பார். 2020இல் ஓர் அமெரிக்கக் குழு இன்னும் ஒரு படி மேலே போய், டெக்ஸா எண்ணை வரையறையிலிருந்தே நீக்கிவிட்டது. முப்பதாண்டுப் பயணத்தில் விலையுயர்ந்த கருவி பின்னால் போனது. மலிவான கருவி முன்னால் வந்தது.

அந்த மலிவான கருவி பிடிமானி. உள்ளங்கையில் வைத்து முழு பலத்தோடு அழுத்த வேண்டும். முள் எத்தனை கிலோவில் நிற்கிறது என்று பார்க்கலாம். ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த எல்லைப்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழேயும் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழேயும் போனால் கவனிக்க வேண்டும். கருவியே இல்லாத பரிசோதனையும் உண்டு. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்குள் முடியவில்லை என்றால் காலில் வலு போதவில்லை. தையல்காரர் டேப்பால் கெண்டைக்கால் சதையின் சுற்றளவை அளப்பதையும் முதல்கட்டச் சல்லடையாக அதே குழு ஏற்கிறது: ஆண்களுக்கு 34 சென்டிமீட்டர், பெண்களுக்கு 33. கால் வீங்கியிருந்தால் இதுவும் பொய் சொல்லும்.

பிடிமானியும் குற்றமற்றதல்ல. பக்லிடாக்சல், வின்கிறிஸ்டின், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் நரம்பைப் பாதித்து விரல்களை மரத்துப்போக வைக்கின்றன. பிடி தளர்ந்தது தசையாலா, நரம்பாலா என்று அது சொல்லாது. முழங்கையை மடக்கி அளப்பதற்கும் நீட்டி அளப்பதற்கும் எண் மாறும். ஆனாலும், ஒருவரால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை என்ற நிலையை அது எட்டிப் பார்த்துவிடுகிறது. காரணம் எதுவானாலும் உதவி தேவைப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

இவையெல்லாம் முதியவர்களின் விவகாரம் என்று எண்ணுபவர்கள் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையின் ஆய்வைப் பார்க்க வேண்டும். குழந்தைப் பருவத்தில் புற்றுநோய் வந்து, குணமாகி, வளர்ந்துவிட்ட 1,922 பேரை அங்கே கிர்ஸ்டன் நெஸ் குழுவினர் அளந்தார்கள். தசை அளவு, பிடி வலிமை, நடை வேகம், களைப்பு, உடலுழைப்பு என்ற ஐந்தில் மூன்றில் பின்தங்கினால் 'நலிந்தவர்' என்று கணக்கு. சராசரி வயது 33.6. பெண்களில் 13.1 சதவீதத்தினரும் ஆண்களில் 2.7 சதவீதத்தினரும் அந்தப் பட்டியலில் வந்தார்கள். இது 65 வயதைத் தாண்டியவர்களிடம் எதிர்பார்க்கும் அளவு. பள்ளி வயதில் பெற்ற கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் உடம்பு இருபதாண்டு கழித்தும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. குணமானவர் என்பதால் இவர்களை யாரும் அளப்பதில்லை. இளையவர் என்பதால் முதியோர் மருத்துவமும் அளப்பதில்லை.

அளந்து குறை தெரிந்தால் செய்வதற்கு வழி உண்டு என்பதால்தான் இத்தனை பேச்சும். மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்ணிடம் "அந்தக் கையால குடம் தூக்காதே" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் ஷ்மிட்ஸ் 2009இல் இதை நேரடியாகச் சோதித்தார். ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பாதியினர் வாரம் இருமுறை, பயிற்சியாளர் மேற்பார்வையில், படிப்படியாகக் கூடும் எடையைத் தூக்கினார்கள். ஓராண்டு முடிவில் வீக்கம் கூடியவர்கள் அந்தப் பாதியில் 11 சதவீதம், எடை தூக்காத பாதியில் 12 சதவீதம். வீக்கம் திடீரென மோசமாகிச் சிகிச்சை தேவைப்பட்டவர்களோ எடை தூக்கியவர்களில் 14 சதவீதம், தூக்காதவர்களில் 29 சதவீதம். எடை தூக்கியவர்களின் கையும் காலும் வலுத்திருந்தன. புராஸ்டேட் ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 155 ஆண்களிடம் ஒட்டாவாவின் ரோவான் சீகல் 2003இலேயே எடைப் பயிற்சியைச் சோதித்து, வலிமை கூடுவதையும் களைப்பு குறைவதையும் காட்டியிருந்தார்.

சிகிச்சை முடிந்தவரோ அவர் வீட்டாரோ இதற்காகப் பெரிய செலவு எதையும் செய்ய வேண்டியதில்லை. அடுத்த ஃபாலோ-அப்பில் எடைக்குப் பக்கத்தில் இரண்டு எண்களைக் கூடுதலாக ஃபைலில் எழுதச் சொல்லுங்கள்: கைப்பிடி எத்தனை கிலோ, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ எத்தனை விநாடி. ஒவ்வொரு முறையும் அதே கருவி, அதே கை, அதே உயரமுள்ள நாற்காலியாக இருக்கட்டும். எல்லைக்கோட்டுக்கு மேலா கீழா என்பதைவிடப் போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன வித்தியாசம் என்பதையே பாருங்கள். எண் சரிந்தால் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்கள் மட்டும், எந்த எடையையும் தூக்கும் முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.